நுண் ரத்தக்குழாய் நோயும் வாக்கரும்: பிரேக்கைப் பார்த்து வாங்குங்கள்

ரோலேட்டர் என்று விற்கப்படும் நான்கு சக்கர வாக்கரில் உட்கார இருக்கை உண்டு, சாமான் வைக்கப் பை உண்டு, தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும். மூட்டுவலிக்கும் மூச்சிரைப்புக்கும் அருமையான சாதனம். ஆனால் மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பாதித்து நடை தடுமாறும் முதியவருக்கு, சாதாரண பிரேக் உள்ள ரோலேட்டரை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

இந்த நோயில் பலருக்குக் காலில் பலம் குறைந்திருக்காது. காலுக்குப் போகும் கட்டளைகளைக் கடத்தும் மூளையின் வெண்பொருள்தான், பெரும்பாலும் பல வருட ரத்த அழுத்தத்தால், சிதைந்திருக்கும். நடக்கத் தொடங்கும்போது பாதம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். அதன்பின் காலை அகட்டி, சிறு சிறு அடியாகத் தேய்த்துத் தேய்த்து வைப்பார்கள். திரும்பும்போது இன்னும் மோசம். ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தில் கவனம் வைப்பதும் சிரமம் என்பதால், நடக்கையில் யாராவது பேச்சுக் கொடுத்தால் அடி தவறும்.

சாதாரண ரோலேட்டரில் வண்டியை நிறுத்த லீவரை அழுத்த வேண்டும், உட்காரும் முன் அதைக் கீழே தள்ளிப் பூட்ட வேண்டும். கால் உறைந்து நிற்கும் நொடியில் அந்த யோசனை வராது. பாதம் நிற்கிறது, சக்கரம் போய்க்கொண்டே இருக்கிறது, உடம்பு முன்னால் சாய்கிறது. பூட்ட மறந்து இருக்கையில் உட்கார்ந்தால் வண்டி பின்னால் நழுவும். பிரேக் கேபிள் தளர்ந்திருந்தால் பூட்டியும் பயனில்லை. பூட்டிவிட்டுத் தள்ளிப் பாருங்கள். சக்கரம் சுழலக் கூடாது.

எங்கள் தேர்வு, முன்னால் இரண்டு சக்கரமும் பின்னால் ரப்பர் குமிழும் உள்ள வாக்கர். எடையை அதன்மேல் இறக்கினாலே பின்கால்கள் தரையைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை நினைவில் வைக்க வேண்டியதில்லை. சக்கரமே இல்லாத வாக்கர் வேண்டாம். ஒவ்வொரு அடிக்கும் அதைத் தூக்கி வைப்பது கவனத்தைத் தின்னும், தூக்கும்போது பின்பக்கம் சாய்பவர்களும் உண்டு. முன்சக்கர வாக்கரின் குறை என்றால், மேடுபள்ளமான பாதையில் சிறு சக்கரம் முட்டி நிற்கும். வெளியே அதிகம் நடப்பவருக்கு, லீவரை அழுத்தினால் ஓடும், கையை எடுத்தால் நிற்கும் தலைகீழ் பிரேக் ரோலேட்டர் இருக்கிறது. பயந்தால் கைப்பிடியை இறுகப் பற்றுபவருக்கு மட்டும் அது ஒத்துவராது, ஏனென்றால் பற்றப் பற்ற வண்டி ஓடும்.

உயரம் வைக்கும்போது வழக்கமான செருப்போ ஷூவோ போட்டு நிமிர்ந்து நிற்கச் சொல்லுங்கள். கையைத் தொங்கவிட்டால் கைப்பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். பிடித்தபின் முழங்கை 15 முதல் 30 டிகிரி மடங்கியிருக்கும். தாழ்வாக இருந்தால் கூனிக்கொண்டு நடப்பார்கள், உயரமாக இருந்தால் தோள் தூக்கிக்கொண்டு கையில் எடை இறங்காது. நான்கு காலிலும் உயரத்தைப் பூட்டும் பொத்தான் துளைக்கு வெளியே முழுதாக வந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

பழக்கும்போது வீட்டார் கவனிக்க வேண்டியது, வாக்கரைப் பிடித்து இழுத்து எழக் கூடாது என்பது. நாற்காலியின் கையை ஊன்றி எழுந்தபிறகே பிடிக்க வேண்டும். கால் ஒட்டிக்கொண்டால் பின்னாலிருந்து தள்ளாதீர்கள். நின்று, எடையை இடம் வலமாக மாற்றி, ‘ஒன்று, இரண்டு’ எண்ணி அடி வைக்கட்டும். திரும்புகையில் ஒரே இடத்தில் சுழலாமல், உடம்பு வாக்கரின் சட்டத்துக்குள்ளேயே இருக்க, அரைவட்டமாகச் சுற்றி வரட்டும். பேச்சு வேண்டுமானால் நின்று பேசலாம்.

வாங்கும் முன் நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். மூளையில் நீர் கோத்துக்கொள்ளும் ஒரு நோயிலும் இதே ஒட்டுநடையும் சிறுநீர் அடக்க முடியாமையும் மறதியும் வரும், அதற்கு அறுவை சிகிச்சை உண்டு. ஸ்கேன் பார்த்தால்தான் பிரித்தறிய வழி கிடைக்கும். நடை திடீரென ஒரே நாளில் மோசமானால் பக்கவாதமாக இருக்கலாம், வாக்கரைத் தேடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ரப்பர் குமிழை மாதம் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். வரி தேய்ந்து வழவழப்பாகியிருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள், ஈரத் தரையில் அது பிடிக்காது.