தாஜ்மகால் போகிறவர்கள் கவனத்துக்கு: வாசலிலேயே காதில் பூ சுற்றுகிறார்கள்

ஆக்ரா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே ஆரம்பித்துவிடும். “வாசல் மூடல், உள்ளே போக 3 மணி நேரம் வரிசை, தெரிந்த கைடு இருக்கிறார்” என்பார் ஆட்டோக்காரர். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் ஏமாந்துபோகிறார்கள். தெற்கு வாசல் வழியே உள்ளே விடுவதை 2018லேயே நிறுத்திவிட்டார்கள். அந்தப் பழைய செய்தியைத்தான் இன்று காலை நடந்தது போலச் சொல்கிறார்கள். கிழக்கு, மேற்கு வாசல்கள் திறந்தே இருக்கும். பார்வையாளர்களுக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை மட்டும். மற்ற நாட்களில் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பே திறந்துவிடுவார்கள். அந்த நேரத்துக்குப் போய் நின்றால் வரிசை குறைவு, தொல்லை தருபவர்களும் குறைவு.

அடுத்தது ‘விஐபி டிக்கெட்’. அப்படி ஒன்று கிடையாது. இந்தியர்களுக்கு நுழைவுக் கட்டணம் 50 ரூபாய், கல்லறை மண்டபத்துக்குள் போக இன்னும் 200. இந்த 250 ரூபாயைத்தான் பல மடங்காக்கி விற்கிறார்கள். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். அவர்களுக்கும் சேர்த்துப் பணம் கேட்டால் அங்கேயே விலகிவிடுங்கள். இலங்கைத் தமிழர்கள் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். சார்க் எனும் தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டவருக்கான 540 ரூபாய்ச் சீட்டு உங்களுக்கு உண்டு, வெளிநாட்டவருக்கான 1100 கட்ட வேண்டியதில்லை. தொல்லியல் துறையின் இணையதளத்திலேயே முன்பதிவு செய்துகொள்வது உத்தமம்.

சீட்டு 3 மணி நேரத்துக்குத்தான் செல்லும். பணம் போனதைவிட இந்த நேரம் போவதுதான் பெரிய நஷ்டம்.

பளிங்குக் கடைக்கு வருவோம். “அஞ்சே நிமிஷம், தாஜ் கட்டியவர்களின் வம்சம்” என்று அழைத்துப் போவார்கள். வாங்கும் பொருளில் ஓட்டுநருக்கும் கைடுக்கும் கமிஷன் உண்டு. கடையில் டார்ச் அடித்து, வெளிச்சம் ஊடுருவுவதைக் காட்டி, “அசல் மக்ரானா பளிங்கு, ராஜஸ்தானிலிருந்து வந்தது” என்பார்கள். அது போதாது. அலபாஸ்டர் என்ற மென்கல்லிலும் வெளிச்சம் ஊடுருவும். பொருளைக் கவிழ்த்து, அடிப்பகுதியில் நகத்தால் அழுத்திக் கீறுங்கள். கோடு விழுந்தால் அது மாக்கல் அல்லது அலபாஸ்டர். பளிங்கில் நகம் பதியாது. பூவேலையைத் தடவிப் பாருங்கள். கல் பதித்த ‘பச்சிகாரி’ வழவழவென்று ஒரே மட்டமாக இருக்கும். சாயம் பூசியது சுரண்டினால் உதிரும். கடைக்காரர் நகம் வைக்க விடாவிட்டால் அதுவே பதில்.

எங்களுக்கு இதையெல்லாம்விட ஆற்றாமை தருவது, காசு வாங்கிக்கொண்டு பொய் வரலாறு சொல்வது. “இருபதாயிரம் தொழிலாளிகளின் கையை ஷாஜகான் வெட்டினார்” என்று கூசாமல் சொல்கிறார்கள். அக்கால ஆவணம் எதிலும் இதற்கு ஆதாரமில்லை. தாஜ் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 1639இல் டெல்லி செங்கோட்டைக்கு அடித்தளம் போட்டார்கள். இரண்டுக்கும் கட்டடக் கலைஞராகச் சொல்லப்படுபவர் ஒருவரே, உஸ்தாத் அகமது லாஹோரி. எழுத்து வேலை செய்த அமானத் கான் தன் பெயரையே கல்லில் பதித்திருக்கிறார். கை வெட்டுகிற இடத்தில் இது நடக்குமா? ஷாஜகான் தனக்கென இன்னொரு கல்லறையைக் கறுப்புக் கல்லில் கட்ட நினைத்தார் என்ற ‘கறுப்பு தாஜ்மகால்’ கதை பிரெஞ்சு வணிகர் தவெர்னியேயின் குறிப்பிலிருந்து பரவியது. யமுனைக்கு அக்கரையில் மெஹ்தாப் பாக் தோட்டத்தைத் தோண்டியபோது கிடைத்தது எண்கோணக் குளம்தான், கறுப்புக் கல்லறையின் அடித்தளம் அல்ல.

உண்மையில் பார்க்க வேண்டியவற்றை இவர்கள் காட்டுவதே இல்லை. நுழைவு வளைவைச் சுற்றியுள்ள அரபி எழுத்துகள் மேலே போகப் போகப் பெரிதாக வெட்டப்பட்டவை, கீழிருந்து பார்க்கையில் ஒரே அளவாகத் தெரிவதற்காக. உள்ளே மும்தாஜின் கல்லறை நட்டநடுவில் இருக்கும். மேற்குப் பக்கம் ஒட்டினாற்போல் ஷாஜகானுடையது. அவர் 1666இல் இறந்த பிறகு சேர்த்தது. அந்த மண்டபத்தின் சமச்சீரைக் குலைப்பது அது ஒன்றுதான்.

நீங்கள் பார்க்கும் இரண்டுமே வெற்றுக் கல்லறைகள். உடல்கள் இருப்பது கீழறையில். “ஐந்நூறு கொடுங்கள், கீழே கூட்டிப்போகிறேன்” என்று யாராவது காதோடு சொன்னால் நகர்ந்துவிடுங்கள். ஷாஜகானின் நினைவு நாள் விழாவான உர்ஸ் நடக்கும் 3 நாட்களில் மட்டுமே அதைப் பொதுமக்களுக்குத் திறக்கிறார்கள்.