ரோடு பைக்கா, ஹைப்ரிட்டா?

பல ஆண்டுகள் கழித்து, உடல்நலத்துக்காக மீண்டும் சைக்கிள் ஏறுபவருக்கு ரோடு பைக்குக்கும் மலைச் சைக்கிளுக்கும் இடைப்பட்ட ஹைப்ரிட் சைக்கிள்தான் என் தேர்வு. அதன் நேரான கைப்பிடி முதுகை ஓரளவு நிமிர்த்தி வைக்கிறது. 35 முதல் 40 மி.மீ. அகல டயர் மேடுபள்ளத்தின் அதிர்வை வாங்கிக்கொள்கிறது. ரோடு பைக், அதாவது கீழே வளைந்த கைப்பிடியுள்ள வேகச் சைக்கிளில் குனிந்தே ஓட்ட வேண்டும். பழக்கம் விட்டுப்போன உடம்பில் முதலில் முனகுபவை கழுத்தும் மணிக்கட்டும்தான். ரோடு பைக்கின் டயர் பெரும்பாலும் 25 அல்லது 28 மி.மீ.; வேகம் அருமை, ஆனால் அதற்கு இப்போது என்ன அவசரம்?

எதை வாங்கினாலும் சீட் உயரத்தைக் கவனியுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். சீட் மிகவும் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கலாம். பலர் வயதைக் குறைசொல்லி சைக்கிளையே ஓரங்கட்டிவிடுகிறார்கள். அதற்கு முன் சீட்டை ஒரு விரற்கடை உயர்த்திப் பாருங்கள்.