ஏழு சட்டத் தேனீப் பெட்டி: யாழ்ப்பாண வளவில் நீண்டகாலப் பயன்பாடு

பொந்துக்குள் வதைகளை (தேனடைகளை) அடுக்கிக் கட்டும் நாட்டுத் தேனீக்கு, கீழே வதை கட்ட ஏழு மரச் சட்டம் கொண்ட, குஞ்சுகள் வளரும் புழு அறையும் மேலே அரை உயரத் தேன் அறையும் உள்ள மரப்பெட்டி அளவானது. நிழலில் வைத்தால் யாழ்ப்பாணத்து வெயிலையும் சோளகக் காற்றையும் நன்றாகவே தாங்கும். ஆனால் பெட்டி நல்லது என்பதற்காகத் தேனீக் குடி தங்கிவிடாது. மெலிந்த குடியை எல்லோரும் அடிக்கடி பார்க்கிறார்கள். வாசலில் மகரந்தத்தோடு நெரிசலாக வந்திறங்கும் குடியைப் பார்த்து, குறையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். பூக்காலத்தில் பிரிந்து பறப்பது அந்தக் குடிதான். புதிதாக வளர்ப்பவர் முதலில் பழக வேண்டியது, செழித்த பெட்டியை ஒழுங்காகத் திறந்து பார்ப்பது.

காற்றில்லாத காலை, வெயில் ஏறுமுன் திறவுங்கள். புகைக்குப் பொச்சுமட்டைத் துண்டு போதும்: வாசலில் இரண்டு ஊதல், மூடியைத் தூக்கியதும் ஒன்று. அதிகம் ஊதினால் இந்த இனம் அடங்காது. வதையை விட்டு ஓடிச் சட்டத்தின் அடியில் கொத்தாகத் தொங்கும்.

ஓரச் சட்டத்தை முதலில் வெளியே எடுத்து நிழலில் நிமிர்த்தி வையுங்கள். கிடைத்த இடைவெளியில் மற்றவற்றை ஒவ்வொன்றாக நகர்த்தித் தூக்கினால் தேனீக்கள் நசியா. சட்டத்தை எப்போதும் பெட்டிக்கு நேர் மேலே, செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். ராணி விழுந்தாலும் பெட்டிக்குள்ளேயே விழும். படுக்கையாகத் திருப்பினால் கம்பி இல்லாத புது வதை ஒடிந்துவிடும்.

ராணியைத் தேடி நேரம் போக்க வேண்டாம். முட்டை 3 நாளில் பொரிக்கும். வதையிலுள்ள சிறு குழியான கண்ணறையின் அடியில் ஒற்றை முட்டை நின்றால், அந்த 3 நாளுக்குள் ராணி அங்கே இருந்திருக்கிறது. ஒரே கண்ணறையில் பல முட்டைகள் சிதறிக் கிடந்தால் ராணி போய் நாளாகிவிட்டது, வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடுகின்றன என்று பொருள்.

அடுத்து வதையின் கீழ் விளிம்பு. மெழுகு மூடியின் நடுவில் ஊசித் துளையுள்ள, சற்றே புடைத்த கண்ணறைகள் ஆண் தேனீக்குரியவை. அவை பெருகினால் குடி பிரியத் தயாராகிறது. பின்னர் அதே விளிம்பில் கச்சான் கோது போல, புது ராணி வளரும் ராணிக் கூடுகள் தொங்கும். கூட்டின் வாய் மூடப்படும் நாளை ஒட்டிப் பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு கிளம்பிவிடும். முட்டையிலிருந்து அந்த நிலைக்கு 8 நாள் அளவே பிடிப்பதால், பூக்காலத்தில் வாரம் ஒருமுறை பார்ப்பது அவசியம். மற்றக் காலத்தில் அவ்வளவு அடிக்கடி திறப்பது குடியைக் கலைத்து ஓடவைக்கும்.

ராணிக் கூடுகளை நசுக்குவது தீர்வல்ல, மறுபடி கட்டும். பழைய ராணியோடு மூன்று சட்டங்களை வேறு பெட்டிக்கு மாற்றி, பழைய இடத்தில் நல்ல ராணிக் கூடு ஒன்றை மட்டும் விடுவதே நம்பகமான வழி. ஒரே வளவில் இரண்டும் இருந்தால் மேயப்போகும் தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பும். அதனால் புழுச் சட்டம் ஒன்றிலிருந்து இளம் தேனீக்களைக் கூடுதலாகப் புதுப் பெட்டிக்குள் உதறிவிடுங்கள்.

ஏழு சட்டமும் தேனீயால் மூடியதுமே தேன் அறையை ஏற்றுங்கள். பிந்தினால் தேனைப் புழு அறைக்குள்ளேயே நிரப்பி, ராணி முட்டையிடும் இடத்தைக் குறைத்துவிடும். கண்ணறைகளில் முக்கால்வாசி மெழுகால் மூடிய பிறகு தேன் எடுக்கலாம். புழு அறைத் தேனைத் தொடவே கூடாது.

பெட்டியின் பலவீனம் அடிப்பலகை. இந்தத் தேனீ பிசின் சேர்த்து இடுக்குகளை அடைப்பதில்லை. மெழுகுத் தூள் விழுந்து தேங்கும், அதில் மெழுகு அந்துப்பூச்சி முட்டையிடும். ஒவ்வொரு பார்வையிலும் பலகையைச் சுரண்டித் துடைத்து, தேனீ மூடாத பழைய கறுத்த வதைகளை அகற்றுங்கள். தாங்கியின் நான்கு காலும் தண்ணீர் நிறைந்த சிரட்டையில் நிற்கட்டும். எறும்பு ஏறாது. ஆனால் வேலியிலிருந்து ஒரு கிளை பெட்டியில் உரசினால் முயிறு எறும்பு அந்த வழியாக வந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வாசலைச் சுருக்கி, பெட்டியை முன்பக்கம் சிறிது சாய்த்து, கூரைக்கு மேல் கிடுகு போடுங்கள். உள்ளே தேன் குறைந்தால் சீனியும் தண்ணீரும் சம அளவில் கரைத்து, மிதக்க வைக்கோல் துண்டிட்டு, மாலையில் உள்ளே வையுங்கள். பனங்கட்டி இயற்கையானது என்று அதைக் கரைத்துக் கொடுப்பது பெரிய தவறு. அதிலுள்ள கழிவுப்பொருள் தேனீக்கு வயிற்றோட்டம் உண்டாக்கும்.

வெங்காயம், மிளகாய்த் தோட்டம் அருகில் இருந்தால் மருந்தடிக்கும் நாளை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். முடிந்தால் மாலையில் அடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் முதல்நாள் இரவே வாசலைக் கம்பி வலையால் மூடி, உள்ளே தண்ணீர் வைத்து, பெட்டியை முழு நிழலில் விடுங்கள். பலகையால் அடைத்தால் மதியச் சூட்டிலேயே குடி வெந்து சாகும்.