சுகாதாரக் கொள்கை பற்றி எழுத ஃபெல்லோஷிப்: டெல்டா நிருபருக்கு எது கட்டுப்படியாகும்?

நாகப்பட்டினத்துக்கு 2022 ஜனவரியில் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அதன் பிறகும் வேதாரண்யம் பக்கத்துக் கர்ப்பிணிகளில் எத்தனை பேரைச் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தஞ்சாவூருக்கு அனுப்புகிறார்கள், ஏன்? பத்தி கணக்கில் காசு வாங்கும் தாலுகா நிருபர் கைக்காசைப் போட்டு இதைத் தோண்ட முடியாது. இப்படிப்பட்ட செய்திக்குத்தான் ஃபெல்லோஷிப், அதாவது ஒரு செய்தியைத் தோண்டி எழுத அமைப்புகள் தரும் உதவித்தொகை, வேண்டும்.

சென்னையின் ரீச் அமைப்பு காசநோய்ச் செய்திகளுக்காக நடத்திவந்த ஃபெல்லோஷிப்பில் மாநில மொழி நிருபர்களுக்கும் இடம் இருந்தது. அது பெரிய விஷயம். தாக்கூர் குடும்ப அறக்கட்டளையின் உதவியில் வரும் கட்டுரைகளின் அடியில், உள்ளடக்கத்தில் அறக்கட்டளை தலையிடவில்லை என்று ஒரு வரி இருக்கும். யாரிடம் பணம் வாங்கினாலும் அந்த வரியை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். தர மறுத்தால் விட்டுவிடலாம்.

பெரிய குறை, காலம். ஃபெல்லோஷிப்பில் தரும் ஆறு மாதம் தாராளம் போலத் தெரியும், ஆனால் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனு அதில் கிட்டத்தட்ட பாதியைத் தின்றுவிடும். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு போட்டால் பதிலுக்கு 30 நாள். கலெக்டர் ஆபீசுக்குப் போட்டால் அவர்கள் வேறு துறைக்கு மாற்றிவிட 5 நாள் கூடும். பதில் வராமல் முதல் மேல்முறையீடு செய்தால் இன்னும் 30 முதல் 45 நாள். ஆகவே தேர்வாகும் வரை காத்திருக்காமல், விண்ணப்பிக்கும்போதே மனுவையும் போட்டுவிடுங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் டீன் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கே நேரடியாக அனுப்புங்கள். "ஏன் டாக்டர் இல்லை" என்று கேட்டால் தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். "மகப்பேறு பிரிவில் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரம்பியது எத்தனை, ஒவ்வொரு காலியிடமும் எந்தத் தேதியிலிருந்து காலி" என்று கேட்டால் பதில் தந்தே ஆகவேண்டும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். அதையும் பட்ஜெட்டில் எழுதுங்கள்.

பணம் பெரும்பாலும் தவணையாக வரும். கடைசித் தவணை கட்டுரை வெளியான பிறகுதான். நிருபர் மாட்டிக்கொள்வது இங்கேதான். பத்திரிகை அலுவலகத்தின் செய்திப் பிரிவான டெஸ்க் கட்டுரையைக் கிடப்பில் போட்டால் பணமும் கிடப்பில் போகும். "வெளியானதும்" என்பதை "ஒப்படைத்ததும்" என்று மாற்றித் தரச் சொல்லுங்கள். ஆசிரியர் தரும் சம்மதக் கடிதத்தில் எந்த மாதம் வெளியிடுவார்கள் என்பதும் இருக்கட்டும். தொழில்முறைக் கட்டணம் என்று கணக்கு வைத்தால் 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். பான் கொடுக்காவிட்டால் அது 20.

வெளிநாட்டுப் பணத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 2010ஆம் ஆண்டு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறை) சட்டத்தின் 3ஆவது பிரிவு, பதிவு பெற்ற பத்திரிகையின் நிருபர் வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாது என்கிறது. 4ஆவது பிரிவு ஸ்காலர்ஷிப், ஸ்டைபண்ட் போன்றவற்றுக்கு விலக்கு தருகிறது. கடிதத்தில் பணத்துக்கு என்ன பெயர் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, ஆடிட்டரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கட்டுரையை முடித்துத் தரச் சொல்லும் ஃபெல்லோஷிப் டெல்டாவுக்குச் சரிவராது. வடகிழக்குப் பருவமழையில் நிருபரும் வெள்ளத்தில் நிற்பார், பேட்டி தரவேண்டிய சுகாதார அதிகாரியும் முகாமில் இருப்பார். கெடுவைப் பிப்ரவரிக்குத் தள்ளிக் கேளுங்கள்.