விண்மீன் படம் எடுக்க எங்கே போவது: மொட்டைமாடியா, ஜவ்வாது மலையா, ஹான்லேயா?

கேமராவும் முக்காலியும் வைத்திருக்கும் சென்னைக்காரருக்கு வானத்தின் மேல் ஆசை வந்துவிட்டால், அவர் சீக்கிரமே ஒரு கேள்வியில் வந்து நிற்பார்: ஹான்லேவுக்குப் போக வேண்டுமா, ஜவ்வாது மலையே போதுமா? அந்தப் 'போதுமா'விலேயே ஒரு முன்முடிவு இருக்கிறது. ஹான்லே என்றால் லடாக், 4,500 மீட்டர் உயரம், இந்தியாவின் மிக இருண்ட வானங்களில் ஒன்று. ஜவ்வாது மலை அங்கே போக முடியாதவர்களுக்கான ஆறுதல் பரிசு. இந்த வரிசை தவறு என்பது என் கட்சி. இருட்டை மட்டும் அளந்தால் ஹான்லேக்குத்தான் முதலிடம். அட்சரேகை, பருவம், தூக்கிப் போக வேண்டிய சுமை ஆகிய மூன்றையும் சேர்த்து எடைபோட்டால் வேறு முடிவு வருகிறது.

மொட்டைமாடியை முதலில் பார்த்துவிடலாம். வானத்தின் பின்னணி ஒளியை ஒரு சதுர விகலைக்கு (விகலை என்பது பாகையில், அதாவது டிகிரியில், 3,600-இல் ஒரு பங்கு) இத்தனை ஒளியளவு என்று கணக்கிடுகிறார்கள். பெருநகர நடுவில் அது 18 வாக்கில் இருக்கும். மாசில்லாத இருட்டில் 22-ஐ நெருங்கும். ஓர் எண் கூடினால் பின்னணி ஒளி ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறைகிறது. நான்கு எண் வித்தியாசம் என்றால் சுமார் நாற்பது மடங்கு. ஒரு மங்கலான விண்மீன் திரளை நல்ல இருட்டில் ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாம் என்றால், அதே தரத்துக்கு நகரத்து மாடியில் நாற்பது மணி நேரம் ஒளியைச் சேர்க்க வேண்டும். காகிதத்தில்தான் இது முடியும். ஈரக்காற்றும் மேகமும் சேர்ந்த சென்னையில் நடக்காது.

அதற்காக மாடியை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. நிலாவுக்கும் கோள்களுக்கும் இருட்டே தேவையில்லை. நம் அட்சரேகையில் வியாழனும் சனியும் கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே வருகின்றன என்பது வடக்கே இருப்பவர்கள் பொறாமைப்படும் வசதி. ஒளிரும் வாயு மேகங்களான நெபுலாக்களுக்கும் வழி உண்டு. ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் சிவப்பையும் ஆக்சிஜனின் 501 நானோமீட்டர் பச்சையையும் மட்டும் விடும் இரட்டைப் பட்டை வடிகட்டியைப் போட்டால், தெருவிளக்கின் ஒளியில் பெரும்பகுதி வெளியிலேயே நின்றுவிடும். ஓரியன் நெபுலாவை இப்படித் தி.நகரிலிருந்தே எடுக்கலாம். விண்மீன் திரள்களும் பால்வீதியின் தூசிப் பட்டைகளும் எல்லா நிறத்திலும் ஒளி தருபவை என்பதால் அங்கே இந்த வடிகட்டி உதவாது. நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வான்காணகத்திலிருந்து 1861-இல் 'ஏசியா' என்ற சிறுகோளை நார்மன் போக்சன் கண்டுபிடித்தார் என்பதை நினைத்தால் மனம் வருந்துகிறது. அந்த வானம் இன்று அங்கே இல்லை.

ஆகவே ஊரை விட்டுப் போயாக வேண்டும். சென்னையிலிருந்து வேலூர், வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகப் போனால், ஜவ்வாது மலையில் வான்காணகம் இருக்கும் காவலூர். மதியம் கிளம்பினால் இருட்டுவதற்குள் கருவிகளை நிறுத்திவிடலாம். 1960-களில் வானியலாளர் வேணு பாப்பு சும்மா இந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. நிலநடுக்கோட்டுக்கு அருகில் என்பதால் வட வானம், தென் வானம் இரண்டும் இங்கே கிடைக்கின்றன. அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் நடுவே தென் வானத்தைப் பார்க்கும் பெரிய வான்காணகம் இது ஒன்றாகவே இருந்தது. அவர் பெயரைத் தாங்கிய 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இங்கே நிற்கிறது.

விவாதத்தின் மையம் இந்த அட்சரேகைதான். காவலூர் இருப்பது பன்னிரண்டரைப் பாகையில். ஹான்லே முப்பத்திரண்டே முக்கால் பாகையில். வடக்கே போகப் போகத் தென் வானம் அடிவானத்துக்குள் இறங்கிவிடுகிறது. அகத்திய நட்சத்திரம் என்று நம் முன்னோர் சொன்ன கனோபஸ், ஜவ்வாது மலையில் 25 பாகை உயரம் வரை ஏறுகிறது. ஹான்லேயில் அதன் உச்சமே நாலரைப் பாகைதான். சுற்றியுள்ள மலைகளே அதை மறைத்துவிடும். ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் நெருங்கிக் கிடக்கும் ஒமேகா சென்டாரி கொத்து இங்கே 30 பாகைக்கு வருகிறது, அங்கே 10 பாகையைக்கூடத் தொடுவதில்லை. ஓரியன் நெபுலாவைவிடப் பரந்து கிடக்கும் கரீனா நெபுலா இங்கே 18 பாகை உயரத்தில் நிற்கும். ஹான்லேயில் உதிப்பதே இல்லை. கேட்டை, மூலம் நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பால்வீதியின் மையம் இங்கே 48 பாகை ஏறுகிறது, அங்கே 28 பாகை மட்டுமே. உயரம் குறைந்தால் ஒளி கடக்க வேண்டிய காற்றின் பாதை நீளும். 48 பாகையில் தலைக்கு மேலுள்ளதைப்போல் ஒன்றேகால் மடங்குக்குச் சற்று அதிகம், 28 பாகையில் இரண்டு மடங்குக்கு மேல். ஹான்லேயின் மெல்லிய காற்று இதில் ஒரு பகுதியை ஈடுகட்டும் என்பது உண்மை. ஆனால் உதிக்காத கரீனாவை எந்தக் காற்றாலும் ஈடுகட்ட முடியாது.

ஜவ்வாது மலைக்குக் குறைகளும் உண்டு. வடமேற்கில் வாணியம்பாடி, ஆம்பூர், மேற்கில் திருப்பத்தூர், தென்கிழக்கில் திருவண்ணாமலை என்று ஊர்களின் வெளிச்சம் அடிவானத்தில் குடைபோல் விரிந்து தெரியும். நள்ளிரவு தாண்டினால் பனி இறங்கும். கேமராத் திரையில் விண்மீன்களைச் சுற்றி முதலில் மெல்லிய ஒளிவட்டம் தோன்றும், பிறகு மங்கலான விண்மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். மேகம் வந்துவிட்டது என்று நினைத்து அண்ணாந்து பார்த்தால் வானம் துல்லியமாக இருக்கும். சிவப்பு டார்ச்சைச் சாய்வாக அடித்து லென்ஸின் முன்கண்ணாடியைப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்: முழுக்க நுண்ணிய நீர்ப்பொடி. யுஎஸ்பியில் இயங்கும் சூடேற்றிப் பட்டையை லென்ஸைச் சுற்றிக் கட்டாமல் இங்கே விடிய விடியப் படம் எடுப்பது நடவாத காரியம். ஹான்லே வறண்ட குளிர்ப் பாலைவனம், அங்கே இந்தத் தொல்லை மிகக் குறைவு.

இன்னொரு சிக்கலைப் பற்றி வெளிநாட்டுக் கையேடுகள் அதிகம் பேசுவதில்லை. கேமராவையோ தொலைநோக்கியையோ தாங்கி, மெல்லத் திருப்பி, பூமியின் சுழற்சியை ஈடுகட்டும் மவுண்ட் எதுவானாலும் அதன் அச்சை வானத்தின் வடதுருவத்தை நோக்கி வைக்க வேண்டும். காவலூரில் துருவ நட்சத்திரம் பன்னிரண்டரைப் பாகையில், மரங்களுக்கும் மூட்டத்துக்கும் நடுவே தாழ்ந்து கிடக்கும். ஒரு சின்னக் குன்று வடக்கே இருந்தாலே போதும், அது கண்ணில் படாது. வடக்கு திறந்திருக்கும் மைதானமாகப் பார்த்து இடம் பிடிப்பது பாதி வேலை. மடிக்கணினி இருந்தால் 'நினா' மென்பொருளின் மூன்று புள்ளி முறையில், துருவ நட்சத்திரத்தையே பார்க்காமல் சரிசெய்துவிடலாம். அடுத்தது, தொலைநோக்கியின் பாரத்தைச் சமன்செய்ய மறுபக்கம் ஒரு தண்டில் மாட்டும் எதிர் எடை. அச்சு கிட்டத்தட்ட படுத்த நிலையில் இருப்பதால் எடைத்தண்டு செங்குத்தாகத் தொங்கி, முக்காலியின் வடக்குக் காலில் 'டக்'கென்று இடிக்கும். முக்காலியைத் திருப்பி, கால் இல்லாத இடைவெளி வடக்கே வருமாறு வைப்பதோ, நடுவில் ஒரு நீட்டிப்புத் தூணைப் போடுவதோதான் வழி. சில மவுண்டுகள் 20 பாகைக்குக் கீழே சாயவே சாயாது என்பதால், வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது.

ஹான்லேயின் நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். 2022 டிசம்பரில் 1,073 சதுர கிலோமீட்டர் பரப்பு இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இந்திய வான் இயற்பியல் நிறுவனம் 2023 முதல் அங்கே செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வான்நோக்கு முகாம் நடத்துகிறது. அந்த மாதங்கள்தான் முக்கியம். ஆண்ட்ரோமெடா திரள் நள்ளிரவில் உச்சிக்கு வருவது அக்டோபர் தொடக்கத்தில். நமக்கு அப்போது வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கும். ஜவ்வாது மலையில் ஆண்ட்ரோமெடா 61 பாகை ஏறினாலும் மேகம் விட்டால்தானே பார்க்க முடியும். ஹான்லே மழை மறைவுப் பகுதி. ஆண்ட்ரோமெடா அங்கே 81 பாகைக்கு, கிட்டத்தட்ட தலையுச்சிக்கு வருகிறது. இலையுதிர்கால வடவானம் வேண்டும் என்றால் சென்னைக்காரருக்கு ஹான்லேயைவிட நல்ல இடம் நாட்டில் இல்லை. மத்திய இந்தியாவில் பெஞ்ச் புலிகள் காப்பகம் 2024 ஜனவரியில் நாட்டின் முதல் இருள்வானப் பூங்கா என்ற சர்வதேசச் சான்று பெற்றது. ஆனால் வட அட்சரேகையின் பலனோ மலை உயரத்தின் பலனோ அங்கே இந்த அளவுக்குக் கிடைக்காது.

போய்ச் சேருவதில்தான் ஹான்லே பின்தங்குகிறது. லே நகரமே 3,500 மீட்டர் உயரம். அங்கே குறைந்தது இரண்டு நாள் உடலைப் பழக்காமல் மேலே ஏறக் கூடாது, இதில் சமரசமே வேண்டாம். 4,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் அறுபது சதவீதம்தான். அங்குள்ள இமாலய சந்திரா தொலைநோக்கியைக்கூடப் பெங்களூருக்குப் பக்கத்து ஹொசகோட்டையிலிருந்து தொலைவிலேயே இயக்குகிறார்கள்.

விமானமும் கையைக் கட்டிவிடும். உள்நாட்டுப் பயணத்தில் வழக்கமாக அனுமதிப்பது 15 கிலோ பெட்டியும் 7 கிலோ கைப்பையும். நடுத்தர மவுண்டின் தலையும் முக்காலியும் சேர்ந்தாலே அதைத் தின்றுவிடும், எதிர் எடைகளுக்கு இடமே இல்லை. மின்சாரம் இன்னும் கடினம். 100 வாட்-மணி வரையிலான லித்தியம் மின்கலத்தைத்தான் தனி அனுமதியில்லாமல் கைப்பையில் கொண்டுபோகலாம். ஒரு 27,000 எம்ஏஎச் பவர்பேங்க் அந்த எல்லையைத் தொட்டுவிடும். பவர் ஸ்டேஷன் எனப்படும் பெரிய பேட்டரிப் பெட்டிகளைப் பயணிகள் விமானத்தில் ஏற்றவே முடியாது. கொண்டுபோகும் மின்கலமும் உறைகுளிரில் சீக்கிரம் தளர்ந்துவிடும். காவலூருக்குக் காரில் போகிறவர் டிக்கியில் 12 வோல்ட் பேட்டரியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போகிறார். ஒரே மனிதர் இந்த இரண்டு இடங்களிலும் எடுக்கும் படங்கள் வேறுபடுவதற்கு வானத்தைவிட இந்தச் சுமைதான் பெரிய காரணம்.

எந்தக் கருவி என்பதும் இதிலிருந்தே வருகிறது. வெறும் முக்காலியில் 24 மில்லிமீட்டர் லென்ஸை வைத்தால் முழுச்சட்டக் (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 20 விநாடிக்கு மேல் விண்மீன்கள் கோடாகிவிடும். 135 மில்லிமீட்டரில் நான்கு விநாடிகூடத் தாங்காது. விண்மீன்களைப் பின்தொடர்ந்து கேமராவைத் திருப்பும் சிறிய மவுண்டான ஸ்டார் டிராக்கர் அந்த நான்கு விநாடியை நிமிடங்களாக்குகிறது. ஸ்கை-வாட்சரின் ஸ்டார் அட்வென்ச்சரர் 5 கிலோ வரை சுமக்கும், தோள்பையில் அடங்கும், இரண்டு இடங்களுக்கும் பொருந்தும். சீஸ்டார் எஸ்50 போன்ற தானியங்கித் தொலைநோக்கிகள் இன்னும் எளிது. முக்காலியில் வைத்துக் கைப்பேசியில் பெயரைத் தொட்டால் அதுவே தேடிப் படத்தை அடுக்கிக் காட்டும். முகாமுக்குப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் அழைத்துப் போகிறவருக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. ஆனால் 250 மில்லிமீட்டர் குவியத் தூரத்தில் அதன் பார்வைப் பரப்பு ஒன்றேகால் பாகை நீளம்தான். ஒமேகா சென்டாரி அழகாக அடங்கும். கரீனாவும் ஆண்ட்ரோமெடாவும் ஒரே சட்டத்துக்குள் அடங்கா, ஒட்டுப் போட வேண்டும். பெரிய மவுண்டும் தொலைநோக்கியும் என்னைக் கேட்டால் காருக்கு மட்டுமே உரியவை, அதுவும் மாடியில் நன்றாகப் பழகிய பிறகு. முதல் பணத்தை டிராக்கரிலும் ஒரு நல்ல 135 மில்லிமீட்டர் லென்ஸிலும் போடுங்கள் என்பேன்.

ஜவ்வாது மலையில் காப்புக்காட்டுக்குள் இரவு தங்க வனத்துறை அனுமதி வேண்டும். அதைவிட ஊர்க்காரர் ஒருவரிடம் பேசி அவருடைய நிலத்தில் இடம் கேட்பது நல்லது. காரை வெளியேறும் திசை நோக்கி நிறுத்துங்கள், நடுராத்திரியில் முகப்பு விளக்கைப் போடும்படி ஆகாது. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம் ஆகும், ஒரு வெள்ளை வெளிச்சம் அத்தனை பேருடைய அரை மணியையும் பறித்துவிடும்.

தினசரி நாட்காட்டியில் பங்குனி அமாவாசையைத் தேடி, அதை ஒட்டிய சனிக்கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவு எட்டு மணிக்கு மேற்கில் திருவாதிரையும் ஓரியன் நெபுலாவும் இன்னும் உயரத்தில் இருக்கும். அகத்தியர் தென்மேற்கில் சாயத் தொடங்கியிருப்பார். பதினொரு மணி வாக்கில் கரீனா நேர் தெற்கே நிற்கும். 135 மில்லிமீட்டரில் எடுத்தால் தென் கார்த்திகை என்று சொல்லப்படும் கொத்தும் அதே சட்டத்தில் விழும். ஒன்றரை மணிக்கு மேல் ஒமேகா சென்டாரியின் முறை. நான்கு மணிக்குப் பால்வீதியின் மையம் தென்கிழக்கில் நன்றாக ஏறியிருக்கும். ஐந்து மணி தாண்டியதும் கிழக்கு வெளுக்கத் தொடங்கும், ஆகவே கடைசி ஒரு மணி நேரத்தை அதற்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.