ஸ்பெயின் கிராமத்து ஹமோன் ஆசையில் போன 840 யூரோ: அந்தப் பக்கம் போறவங்க படிச்சுட்டுப் போங்க

மக்களே, வயித்தெரிச்சல் அடங்கறதுக்குள்ள எழுதிடறேன். 840 யூரோ. நாலு பேருக்கு ரெண்டு ராத்திரி கிராமத்து வீடு, ரெண்டு வேளை ஊர்ச் சாப்பாடு, பன்றி மேயற ஓக் தோப்பைச் சுத்திக் காட்டறது, கடைசியில பெயோட்டா ஹமோன் (ஓக் கொட்டை தின்னு வளர்ந்த பன்றியோட தொடையை உப்புல பதப்படுத்தினது) ருசி பார்க்கறது. எல்லாம் சேர்த்து முன்கூட்டியே வாங்கின காசு. கிராமியச் சுற்றுலா மட்டும் விக்கிற ஒரு முன்பதிவுத் தளம். பேர் போட வேண்டாம்னு வக்கீல் நண்பர் சொல்லிட்டார். நடந்ததைச் சொல்லிட்டு, நீங்க என்னென்ன பார்க்கணும்னு கடைசியில விவரமா எழுதறேன்.

இடம் அரசேனா மலைப்பகுதி. செவில்லாவுல இருந்து கார்ல ஒன்றரை மணி நேரம், வெல்வா மாகாணத்தோட வடக்கு மூலை. ஊரைக் குறை சொல்ல மாட்டேன். நவம்பர் 1 புனிதர்கள் திருநாள் விடுமுறையை ஒட்டிப் போனோம். கஷ்கொட்டை மரமெல்லாம் மஞ்சளா நிக்குது, வெள்ளையடிச்ச வீடு, கூழாங்கல்லுல கோலம் மாதிரி பதிச்ச வாசல். ஹமோனுக்குப் பேர் போன ஹபூகோ அங்கதான் இருக்கு. அக்டோபர்ல இருந்து குளிர்காலம் முடியற வரைக்கும் இபேரிகோங்கற ஸ்பெயின் நாட்டு இனப் பன்றிகளை ஓக் தோப்புல அவிழ்த்து விடுவாங்க. உதிர்ற கொட்டையையும் புல்லையும் தின்னே, குறைஞ்சது 60 நாள் மேய்ஞ்சு, 46 கிலோவாவது எடை ஏறணும், அப்பத்தான் சட்டப்படி அதுக்குப் பெயோட்டான்னு பேர். அப்புறம் தொடையை உப்புல போட்டு, நிலவறையில வருஷக்கணக்கா தொங்க விடுவாங்க. அதை அந்த மண்ணுலயே ஒரு துண்டு சாப்பிடணும்னு எனக்கும் நண்பனுக்கும் நெடுநாள் ஆசை.

நம்ப வெச்சது எதுன்னா, வீட்டுக்காரம்மா அனுப்பின ஒரு போட்டோ. தொடை, குளம்புக்கு மேல கறுப்பு முத்திரை வளையம் (முழு இபேரிகோ பெயோட்டாவுக்கு மட்டும் மாட்டறது), பக்கத்துல அந்தம்மாவோட கை. கூடவே ஒரு குரல் செய்தி: "உங்களுக்காகவே இந்தக் கால் எடுத்து வெச்சிருக்கேன், நீங்க வந்ததும்தான் கத்தி வைப்போம்." என் மனைவி அதைக் கேட்டுட்டு, "ஏங்க, நம்ம அத்தை பேசற மாதிரியே இருக்கு, இல்ல?"ன்னா. தளத்துல வேற "சரிபார்க்கப்பட்ட வீடு"ன்னு பச்சை அடையாளம், பதிவு எண், கணப்படுப்புல நெருப்பு எரியற படம். பணத்தையும் தளம் வழியாத்தான் கட்டினேன், கார்டுல. இதுக்கு மேல ஒரு மனுஷன் என்னய்யா பார்க்கணும்?

போய் இறங்கினா, படத்துல இருந்த வீட்டுல வேற குடும்பம் உட்கார்ந்திருக்கு. "சின்னக் குழப்பம், இதைவிட நல்ல வீடு தரேன்"னு ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்துல டயர் கடைக்கு மேல இருக்கற மாடிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. கணப்படுப்பு இருக்கு, செங்கல் வெச்சு அடைச்சிருக்கு. மலைக்குளிர்ல ஒரே ஒரு மின்சார ஹீட்டர், அதையும் கெட்டிலையும் சேர்த்துப் போட்டா ஃபியூஸ் போகுது. இருட்டிடுச்சு, விடுமுறை நாள், சுத்துவட்டாரத்துல ஒரு அறை காலியில்ல. நாலு பேரும் கார்லயா படுக்க முடியும்?

ராத்திரிச் சாப்பாடு "பாட்டி கைப்பக்குவம்". தட்டுல வந்தது கடையில வாங்கின உறைபனிக் குரோக்கெட்டா (எண்ணெயில பொரிக்கிற உருண்டை), நடுவுல இன்னும் ஐஸ். தோப்பு சுத்திக் காட்டறது? ரோட்டோரம் காரை நிறுத்தி, வேலிக்கு அந்தப் பக்கம் தூரத்துல தெரிஞ்ச கறுப்புப் புள்ளிகளைக் கை காட்டினார் ஒருத்தர். பத்து நிமிஷம். கதவு திறக்கச் சாவி அவர்கிட்ட இல்லையாம்.

சரி, ஹமோனாவது உண்மையா இருக்கட்டும்னு பொறுத்துக்கிட்டோம். மறுநாள் தொடையைத் தாங்கில மாட்டிக் கொண்டு வந்தாங்க. குளம்புப் பக்கம் சமையல் துணி சுத்தியிருக்கு. வெட்டறவர் அதை அவிழ்க்கவே இல்ல. ஏற்கெனவே பாதி வரைக்கும் வெட்டின கால் வேற. எனக்கு உறுத்துச்சு. நானே துணியை விலக்கிப் பார்த்தேன். வெள்ளை வளையம்! அதுல "செபோ, 50% இபேரிகோ"ன்னு அச்சு. அதாவது கொட்டில்ல தீவனம் போட்டு வளர்த்த கலப்புப் பன்றி. கறுப்புக்கும் இதுக்கும் விலையில மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். போட்டோவைக் காட்டிக் கேட்டா, அத்தைக் குரல்காரம்மா சிரிக்கறாங்க: "ருசி ஒண்ணுதானே, வெளிநாட்டுக்காரங்களுக்கு வித்தியாசம் தெரியாது."

840 யூரோ வாங்கிட்டுச் சொல்ற பேச்சா இது?

புகார்ப் படிவம் கேட்டேன். ஸ்பெயின்ல அதுக்கு "ஓஹா தே ரெக்லமசியோனெஸ்"னு பேர், கேட்டா கொடுத்தே ஆகணும். "இது வீடு, கடை இல்ல, படிவமெல்லாம் கிடையாது"ன்னாங்க. பணத்தைத் திருப்பிக் கேட்டா, "பணம் தளத்துக்கிட்ட இருக்கு." தளத்துல கேட்டா, "வீட்டு உரிமையாளரிடம் பேசவும்." முதல்ல இயந்திரம் பதில் சொல்லுச்சு, அப்புறம் மனுஷன் வந்தார், அவர் இயந்திரத்தைவிட மோசம். படங்கள் எல்லாம் அனுப்பினேன். "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம், ஆனால் நீங்கள் அங்கே தங்கிவிட்டதால் சேவை முழுமையடைந்தது." 840 யூரோவுக்கு ஈடா என்ன கொடுத்தாங்க தெரியுமா? அடுத்த பயணத்துக்கு 10% தள்ளுபடிக் கூப்பன். அடுத்த பயணமாம்! நான் எழுதின விமர்சனம் "பரிசீலனையில்" கிடக்குது, அந்த வீடு மட்டும் அதே கணப்படுப்புப் படத்தோட ஜம்முன்னு விக்குது.

விவரமா எழுதறேன்னு சொன்னேன், இப்ப பொறுமை இல்ல. அவசரத்துக்கு இது மட்டும்.

பதிவு எண்ணை அந்த மாநிலச் சுற்றுலாப் பதிவேட்டுல போட்டு முகவரியைப் பாருங்க. எங்களுக்குக் காட்டின எண் அந்த முதல் வீட்டோடது, டயர் கடை மாடிக்கு எண்ணே இல்ல. ஹமோன்னா வளையத்தைப் பார்க்காம தட்டைத் தொடாதீங்க: கறுப்பு முழு இபேரிகோ பெயோட்டா, சிவப்பு கலப்பினப் பெயோட்டா, பச்சையும் வெள்ளையும் பெயோட்டாவே கிடையாது. குளம்பு கறுப்பா இருக்கறது ஒரு அத்தாட்சியும் இல்ல. படிவம் தர மாட்டேன்னா அங்கயே நின்னு உள்ளூர் போலீஸைக் கூப்பிடுங்க. நகராட்சியில நுகர்வோர் அலுவலகம் உண்டு, நான் அங்க எழுதிப் போட்டிருக்கேன். கார்டு கம்பெனிக்கும் இந்தக் கட்டணத்தை மறுத்து மனு கொடுத்தாச்சு, இன்னும் ஏதோ காகிதம் வேணும்னு இப்பத்தான் ஃபோன் வருது, போய் எடுக்கறேன்.