மார்பை எடுத்த பிறகு: வயிற்றுச் சதையா, சிலிக்கானா, அப்படியே விடுவதா?

மார்பகப் புற்றுநோய்க்காக மார்பை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன கையோடு அடுத்த கேள்வியும் வந்துவிடும்: அந்த இடத்தில் திரும்ப மார்பு அமைத்துக்கொள்கிறீர்களா? யோசிக்கக் கிடைப்பது கொஞ்ச நாள்தான். நான் வயிற்றுச் சதையை எடுத்து வைத்துக்கொண்டவள். அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

பொதுவான பயம் ஒன்றை முதலில் தள்ளிவிடலாம். மார்பைத் திரும்ப அமைப்பதால் புற்றுநோய் திரும்பி வரும் வாய்ப்பு கூடுவதில்லை. "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு" என்று என் நாத்தனார் கேட்டார். எனக்கு வேண்டும் என்பதே போதுமான காரணம் என்று இன்றும் நினைக்கிறேன்.

தட்டையாக மூடிவிடுவது ஒரே ஆபரேஷனில் முடிகிற வழி. சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். புண் ஆறத் தாமதமாகி கீமோ தள்ளிப்போகும் கவலையும் குறைவு. பக்கத்துக் கட்டிலில் இருந்த உசிலம்பட்டி அக்கா அதைத்தான் கேட்டு வாங்கினார். "களை எடுக்கப் போகணும், எனக்குக் கைதான் முக்கியம்" என்றார். அவருக்கு அது சரியான முடிவு. வெளியே போகும்போது உள்ளாடைக்குள் செயற்கை மார்பு வைத்துக்கொள்ளலாம். சிலிக்கானில் செய்தது எடையோடு இருப்பதால் சேலை ஒழுங்காக நிற்கும், ஆனால் சித்திரை வெயிலில் அடியில் வியர்த்து ஊறும். வீட்டில் இருக்கும்போது பஞ்சு வைத்த துணி போதும். தெரிந்த டெய்லரிடம் சொன்னால் உள்ளாடையில் அதற்கென்று ஒரு பை தைத்துக் கொடுப்பார்.

இம்பிளாண்ட் என்கிற சிலிக்கான் பைதான் என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. ஆபரேஷன் நேரம் குறைவு, உடம்பில் இன்னொரு இடத்தில் வெட்டு இல்லை. சிலருக்கு முதலில் விரிப்பான் ஒன்றை வைத்து, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக உப்பு நீர் ஏற்றித் தோலை விரித்து, அப்புறம் நிரந்தரப் பையை வைப்பார்கள். இது வரைக்கும் எல்லாம் சரி. அதற்குப் பிறகு வரும் பராமரிப்பில்தான் நான் பின்வாங்கினேன்.

சிலிக்கான் பை ஆயுள் முழுக்க வருகிற பொருள் இல்லை. உள்ளே கிழிந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். அதனால்தான் வைத்து 5, 6 ஆண்டுகளில் ஒரு எம்ஆர்ஐ அல்லது அல்ட்ராசவுண்ட், அதன்பின் 2, 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ பரிந்துரைக்கிறது. நாற்பதுகளில் வைத்துக்கொண்டால் அறுபதுகளில் மாற்ற வேண்டி வரலாம். இன்றைக்குக் கணவர் வண்டியில் கூட்டிப் போகிறார். எனக்கு அறுபத்தைந்து ஆகும்போது மேலூரிலிருந்து பஸ் ஏறி மாட்டுத்தாவணியில் இறங்கி, ஸ்கேனுக்குக் காத்திருந்து, ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டித் திரும்பத் துணைக்கு யார் வருவார்? பிள்ளைகள் ஊரில் இருக்க மாட்டார்கள். சர்க்கரை மாத்திரை வாங்கவே மாதம் தவறுகிற வீடுகளை நம் பக்கம் நிறையப் பார்த்திருக்கிறேன். வலி இல்லாதபோது ஸ்கேனுக்குப் போவது எத்தனை பேரால் முடியும்?

கரண்ட், அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை, வைக்க வேண்டியிருந்தால் யோசனை இன்னும் கூடுகிறது. கதிர்வீச்சு பட்ட இடத்தில் பையைச் சுற்றி உருவாகும் சவ்வு இறுகி, மார்பு கல்லாகி வலிக்கும் வாய்ப்பு அதிகம். சொரசொரப்பான மேற்பரப்புள்ள சில பைகள் அரிய வகை நிணநீர்ப் புற்றோடு தொடர்புள்ளவை என்று 2019இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. ஆகவே வழவழப்பான வகையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இம்பிளாண்ட் வைத்தவர்களில் எனக்குப் பழக்கமானவர் ஒருவர்தான், அவர் நன்றாகவே இருக்கிறார்.

சொந்தச் சதை என்றால் சிரமம் மொத்தமும் முதலிலேயே வந்துவிடும். அடிவயிற்றின் தோலையும் கொழுப்பையும் ரத்தக் குழாயோடு எடுத்து, மார்பில் உள்ள குழாயோடு மைக்ரோஸ்கோப் வைத்து இணைக்கிறார்கள். ஆறு, எட்டு மணி நேரம் பிடிக்கும், கூடவும் ஆகலாம். நூறில் சிலருக்கு ரத்த ஓட்டம் நின்று சதை வீணாவதும் உண்டு. அதனால் முதல் இரண்டு நாள் நர்ஸ் மணிக்கு மணி வந்து நிறத்தையும் சூட்டையும் பார்ப்பார். வயிற்றிலிருந்து ஒரு தடவைதான் எடுக்க முடியும். தொட்டால் பழைய உணர்வு இல்லை. ஆனால் இது என் உடம்பு. நான் இளைத்தால் அதுவும் இளைக்கிறது, மாற்ற வேண்டிய பொருள் எதுவும் உள்ளே இல்லை.

முன்கூட்டியே சிடி ஆஞ்சியோ எடுத்து ரத்தக் குழாய்களைப் பார்ப்பார்கள். சிசேரியன், குடும்பக் கட்டுப்பாடு என்று வயிற்றில் நடந்த எல்லா ஆபரேஷனையும் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் அவை தடையாவதில்லை, ஆனால் சர்ஜனுக்குத் தெரிய வேண்டும். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். புகையிலை போடுகிறவர்கள் முன்பே விட்டுவிட வேண்டும், நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்கிவிடும்.

வீட்டில் தயார் செய்ய வேண்டியதை எனக்கு யாரும் சொல்லவில்லை. வயிற்றுத் தையல் ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்பு வரை போகும். பாவாடை நாடா அதன் பக்கத்திலேயே அழுத்துகிறது, சேலை கொஞ்ச நாளைக்கு ஆகாது. முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டிகளை வாங்கி வையுங்கள். மார்பிலும் வயிற்றிலும் டிரெயின் டியூப் இருக்கும். அதில் சேரும் நீரை அளந்து எழுத ஒரு நோட்டு வேண்டும், டியூபை எப்போது எடுப்பது என்பது அந்தக் கணக்கைப் பார்த்துத்தான். முதலில் கொஞ்ச நாள் நிமிர்ந்து நடக்க முடியாது, தரையில் உட்கார்ந்து எழ முடியாது. வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இல்லையென்றால் கமோடு நாற்காலி ஒன்று ஏற்பாடு செய்யுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்குக் குடம் தூக்கக் கூடாது. சமையலுக்கு ஆள் இல்லாமல் இந்த வழியில் இறங்காதீர்கள். தோள் பயிற்சியைப் போவதற்கு முன்பே கற்றுக்கொள்ளுங்கள்: சுவரில் விரலால் மெல்ல ஏறுவதுதான்.

முதுகுச் சதை வைத்துக்கொண்டவர் யாரோடும் நான் பழகியதில்லை, அதனால் அதைப் பற்றி எழுதவில்லை. செலவைப் பொறுத்தவரை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் மார்பை எடுப்பதற்குக் கிடைப்பது, திரும்ப அமைப்பதற்கும் கிடைக்குமா என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் தனியாகக் கேளுங்கள். இந்த மைக்ரோ சர்ஜரியை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று பிளாஸ்டிக் சர்ஜனிடமும் கேளுங்கள். நான் கேட்டேன், அவர் கோபப்படவில்லை.